விளக்கு போடாத சாயங்காலம்

இந்த ஆய்வகத்திலிருந்து ஓய்வு பெற்றவளைத் திரும்பக் கூப்பிட்டுப் பேசச் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டீ ஆறிப்போகும். அதனால் வடையை முதலில் சாப்பிட்டுவிடுங்கள், நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நம் வேலையை வெளியே யாரிடமாவது விளக்கிச் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? என் மாமியார், நான் மழை வருமா வராதா என்று சொல்லும் வேலையில் இருப்பதாகவும், அதையும் ஒழுங்காகச் செய்வதில்லை என்றும்தான் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார். மழைக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை. மேகத்துக்கெல்லாம் எவ்வளவோ மேலே, காற்று மெலிந்துபோன உயரத்தில், வெயில் பட்டுப் பட்டு அந்தக் காற்று மின்னூட்டம் ஏறி நிற்கிறது. அயனி மண்டலம். செயற்கைக்கோளிலிருந்து வரும் ரேடியோ அலை அதைக் கடந்துதான் நம் மொட்டைமாடிக்கு வந்து சேர வேண்டும். வந்து சேர்ந்த அலையின் லட்சணத்தை வைத்து மேலே என்ன நடக்கிறது என்று ஊகிக்கிறோம். கோட்பாடு ஒரு கோடு போடும். கருவி புள்ளி வைக்கும். புள்ளி கோட்டின் மேல் உட்காருகிறதா என்று பார்ப்பது நம் பிழைப்பு.

உட்காராவிட்டால் கவலைப்படாதீர்கள். உட்கார்ந்துவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஒரு முறை எங்கள் புள்ளிகள் கோட்டின் மேல் அச்சு அசலாக உட்கார்ந்தன, ஒன்றுகூடத் தள்ளிப் போகவில்லை. எதிர்க் கடையிலிருந்து லட்டு வந்தது. எல்லோரும் வாயில் போட்டாயிற்று. எங்கள் ஆய்வகத் தலைவர் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று "லட்டைத் துப்புங்கடா" என்றார். அளவீடு இருந்த கோப்பு திறக்கவே இல்லையாம். கணினி நிரல் என்ன செய்தது என்றால், கோட்பாட்டையே எடுத்துப் புள்ளியாகவும் வைத்துவிட்டது. கோட்பாடு தன்னோடு தானே பிரமாதமாகப் பொருந்தியிருந்தது.

அவரை நான் சார் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். பேர் வேண்டாம். தனக்குச் சாதகமாக வந்ததைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார் என்பதற்காக இந்த லட்டுக் கதையைச் சொன்னேன். இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு அவரைக் கெட்டவர் ஆக்கிவிடாதீர்கள். இந்தக் கதையில் கெட்டவரே கிடையாது. அதனால்தான் எனக்கு இத்தனை வருஷமாக மனசு ஆறவில்லை.

அப்போது நம் ஆய்வகம் திருவொற்றியூரில், இதே கட்டிடத்தில்தான் இருந்தது. பக்கத்தில் இப்போது குடோன் இருக்கும் இடத்தில் பெரிய கன்டெய்னர் யார்டு. மொட்டைமாடியில் ஒரு ஆன்டெனா. அது வானத்தில் ஒரே இடத்தில் நிற்கும் ஒரே ஒரு செயற்கைக்கோளை மட்டும் கேட்கும். உங்கள் கருவி ஒரே நேரத்தில் பத்துச் செயற்கைக்கோளைக் கேட்கிறது, உங்களுக்குப் பத்துக் காது; எங்களுக்கு ஒற்றைக் காது. பகல் பூராவும் அந்த அலை அமைதியாக ஒரே நேர்கோடாக வரும். பொழுது சாய்ந்ததும் சில நாள் துடிக்க ஆரம்பிக்கும். கோடு கிழிந்த துணி மாதிரி ஆகிவிடும்.

ஏன் துடிக்கிறது? இதற்கு இரண்டு பதில் இருந்தது. ஒன்று, குமிழ்கள். பொழுது சாய்ந்ததும் அயனி மண்டலத்தின் அடியிலிருந்து மெலிந்த குமிழ்கள் கிளம்பி மேலே ஏறும், அடுப்பில் பாயசம் கொதிக்கும்போது அடியிலிருந்து வருமே, அந்த மாதிரி. அலை அதன் வழியாக வந்தால் துடிக்கும். ஆனால் சூரியன் சில வருஷம் சீறும், சில வருஷம் அயரும்; அயர்ந்து கிடக்கும் வருஷங்களில் குமிழ் அவ்வளவு உயரம் ஏறாது, தெற்கே பூமியின் காந்த நடுக்கோட்டுப் பக்கம் கிளம்பி அங்கேயே அடங்கிவிடும், நம் ஊர்த் தலைக்கு மேல் வந்து சேராது. இது சார் வாழ்நாள் பூராவும் உட்கார்ந்து போட்ட கணக்கு. நாங்கள் இருந்தது அப்படி ஒரு அயர்ந்த வருஷம்.

இன்னொரு பதில், யார்டு. பொழுது சாய்ந்ததும் அங்கே உயரக் கம்பங்களில் விளக்கு போடுவார்கள். கிரேனில் ஷிஃப்ட் மாறும். வெல்டிங் பொறி பறக்கும். இந்த மின்சார இரைச்சல் எல்லாம் எங்கள் ஆன்டெனாவில் ஏறிக்கொள்ளும். குமிழ் கிளம்பும் நேரமும் விளக்கு போடும் நேரமும் ஒன்றாகப் போயிற்று. அதனால் சாயங்காலம் துடித்தால் 'யார்டு இரைச்சல்' என்று எழுதி அந்தப் பகுதியை வெட்டிவிடுவது எங்கள் ஆய்வகத்துப் பழக்கம். நான் வருவதற்கு முன்பே இருந்த பழக்கம். வடசென்னையில் எது பழுதானாலும் துறைமுகத்தின் தலையில் போட்டுவிடலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

டில்லிபாபு கேட்டான். காசிமேட்டுப் பையன், அப்பா விசைப்படகில் போகிறவர். உதவித்தொகை வாங்கிக்கொண்டு எங்களிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தான். நான் கருவிக்குப் பொறுப்பு, அதனால் பாதி நாள் என் மேஜைக்கு எதிரேதான் உட்கார்ந்திருப்பான்.

"அக்கா, இது யார்டு இல்லக்கா. லைட்டு தெனிக்கும் ஒரே மாறி எரியுது. இது ஒரு நாளு ஜாஸ்தி, ஒரு நாளு கம்மி, ஒரு நாளு சுத்தமா இல்ல. லைட்டுக்கு மூடு இருக்குமா?"

சாரிடம் போய் இதையே சொன்னான். சார் கோபித்துக்கொள்ளவில்லை. "யார்டுல ஒரு நாள் வேலை நிறைய இருக்கும், ஒரு நாள் கம்மியா இருக்கும் டில்லி. கப்பல் வர்றதைப் பொறுத்தது" என்றார். அதுவும் நியாயம்தானே. அந்த வெட்டிப்போட்ட துண்டுகளை எல்லாம் சேர்த்து, அவை குமிழ்தான் என்று காட்டுவதையே டில்லி தன் ஆய்வாக வைத்துக்கொண்டான். நிரூபித்தால் பட்டம். நிரூபிக்கப் போதிய காலம் அவனிடம் இல்லை. உதவித்தொகை முடியப் போகிறது, இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்க சார் எழுதிக் கேட்க வேண்டும். தான் இரைச்சல் என்று நம்புவதற்கு நீட்டிப்புக் கேட்டு எப்படி எழுதுவார்? அவர் பொய் எழுதுகிற ஆள் இல்லை.

யார்டு ஒரு நாள் நின்றால் தெரிந்துவிடும். ஆனால் யார்டு எங்கே நிற்கிறது? தீபாவளிக்கு ஓடும், பொங்கலுக்கு ஓடும். ஒரு நாள் நிற்கும், ஆயுத பூஜைக்கு. அன்று கிரேனுக்கு மாலை போட்டு, சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைத்து, மெயின் ஸ்விட்ச் பெட்டிக்கும் பொட்டு வைத்து அணைத்துவிடுவார்கள். மறுநாள் காலை மறுபடி கற்பூரம் காட்டுகிறவரை ஒருத்தரும் கை வைக்க மாட்டார்கள். கேட்டில் ஒரே ஒரு பல்பு எரியும்.

அப்படியானால் முந்தைய வருஷங்களின் ஆயுத பூஜைப் பதிவைப் பார்த்தால் போயிற்றே என்பீர்கள். இருந்தால்தானே பார்க்க? அன்று எங்கள் கருவிக்கும் பூஜை. எங்கள் மெக்கானிக் ஏழுமலை அண்ணன் மத்தியானமே கருவியை அணைத்து, துடைத்து, பூ வைத்துவிடுவார். விஞ்ஞானம் படித்த நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்று பொரி வாங்கித் தின்றிருக்கிறோம். வருஷத்தில் யார்டு வாயை மூடும் ஒரே சாயங்காலத்தில் நாங்களும் காதை மூடிக்கொண்டிருந்தோம்.

டில்லி ஏழுமலை அண்ணன் பின்னாலேயே சுற்றினான். அண்ணன் மசியவில்லை.

"இன்னா டில்லி, சாமி காரியத்துல வெளயாடற? வருசம் பூரா ஒழைக்கிற மிஷினு. ஒரு நாளு கண்ண மூடக் கூடாதா?"

"வருசம் பூரா கண்ண மூடிக்கினு இருக்கட்டும்ணே. அன்னிக்கு மட்டும் தொறந்து பாக்கட்டும்."

கடைசியில் சார்தான் பஞ்சாயத்து பண்ணினார். சந்தனம், குங்குமம், பூ எல்லாம் உண்டு, ஸ்விட்சை மட்டும் தொடக் கூடாது. ஏழுமலை அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

அன்று மாலையே சார் தன் அறைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "யார்டு இருட்டா இருக்கும்போதும் இது துடிச்சா, நான் என் கணக்கைத் திருத்திக்கிறேன். உனக்கு இன்னொரு வருஷம் வேணும்னு நானே எழுதறேன். துடிக்கலைன்னா?"

டில்லி யோசிக்கவே இல்லை. "துடிக்கலன்னா நான் சொன்னது தப்பு சார். வுட்டுர்றேன்."

எவ்வளவு நியாயமான பந்தயம், எவ்வளவு நேர்மையான இரண்டு பேர் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பூஜைக்கு முந்தைய வாரம் தினமும் கோடு துடித்தது. டில்லி விசிலடித்துக்கொண்டு திரிந்தான். "வந்துகினே கீதுக்கா, நிக்கவே மாட்டேங்குது" என்பான்.

ஆயுத பூஜை வந்தது. யார்டில் மேளம் அடித்து ஓய்ந்தது. பூசணிக்காய் உடைந்தது. விளக்குகள் எரியவில்லை. எங்கள் ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு இருட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, யார்டுக்கு அந்தப் பக்கம் கடல் இருக்கிறது என்பதே அன்றுதான் உறைத்தது. நாங்கள் நான்கு பேரும் பொரியை மடியில் வைத்துக்கொண்டு, பொட்டு வைத்த கருவியின் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

கோடு நேராகப் போனது.

நேராகவே போனது. டில்லி எழுந்தான். "கேபிளு கழண்டு கீதா பாருக்கா." கடற்காற்றில் எங்கள் இணைப்புகள் அடிக்கடி துருப்பிடிக்கும், அதனால் நானும் மாடிக்கு ஓடினேன். எல்லாம் இறுக்கமாக இருந்தது. ஏழுமலை அண்ணன்கூட "இரு டில்லி, வரும் இரு" என்றார். குமிழ் வர வேண்டிய நேரம் வந்தது, போனது. பகலில் வரும் கோட்டைவிட அழகான கோடு. சாரின் கணக்கு போட்ட கோட்டை எடுத்து அதன் மேல் வைத்தால் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

சார் சிரிக்கவில்லை. ஜெயித்த முகமே அவருக்கு இல்லை. டில்லியின் தோளில் கை வைத்து, "இத்தனை வருஷமா நாங்க சும்மா வாயால சொல்லிட்டிருந்ததை நீ நிரூபிச்சிருக்கே. அதுவும் வேலைதான்" என்றார். டில்லி "சரி சார்" என்றான். மடியில் இருந்த பொரியைத் தட்டில் கொட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் யார்டில் விளக்கு போட்டார்கள். கோடு துடித்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? விளக்கு இல்லை, துடிப்பு இல்லை. விளக்கு வந்தது, துடிப்பும் வந்தது. எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. லட்டைத் துப்பச் சொன்ன சாருக்குக்கூட வரவில்லை. நீட்டிப்புக் கேட்டு அவர் எழுதவில்லை, டில்லியும் கேட்கவில்லை. காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு யார்டில் கிரேனுக்கு மின்சார வேலை பார்க்கச் சேர்ந்துவிட்டான் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

இப்போது நீங்கள் உட்கார்ந்து யோசித்தால் உங்களுக்கே விளங்கும். விளங்கவில்லை என்றால் வேறு வேலை தேடிக்கொள்ளுங்கள். அன்று துடித்திருந்தால் டில்லி சொன்னது சரி, பேச்சே இல்லை. துடிக்காவிட்டால்? யார்டு நின்றதால் துடிக்கவில்லையா, இல்லை அன்று குமிழே கிளம்பவில்லையா? இரண்டில் எது என்று அந்த ஒரு சாயங்காலத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்தது, நாங்கள் காக்காயின் மேல் வழக்குப் போட்டுத் தீர்ப்பும் எழுதிவிட்டோம். 'ஒரு நாளு சுத்தமா இல்ல' என்று முதலில் சொன்னவனே டில்லிதான். லைட்டுக்கு மூடு இருக்குமா என்று கேட்டவன், வானத்துக்கு மூடு உண்டு என்பதை அந்தப் பந்தயத்தில் மறந்துபோனான். நாங்கள் எல்லோருமே மறந்துபோனோம். இரண்டு பேர் நேர்மையாகக் கை குலுக்கிவிட்டால் அதோடு நியாயம் முடிந்தது என்று நினைத்தோம். வானம் அந்தப் பந்தயத்தில் சேரவில்லை, அதை யாரும் கேட்கவும் இல்லை.

பல வருஷம் போயிற்று. சார் ஓய்வு பெற்றுப் பெரம்பூரில் மகன் வீட்டோடு இருந்தார். சூரியன் மறுபடி அயர்ந்து போனது. அந்தச் சமயத்தில்தான், என் கடைசி வருஷங்களில், இந்தப் பத்துக் காதுக் கருவி வந்தது. வந்த முதல் பருவத்திலேயே ஒரு சாயங்காலம், மேற்கே புழல் பக்கம் நின்ற செயற்கைக்கோளின் கோடு துடித்தது. மற்றவை எல்லாம் நேராக இருந்தன. கொஞ்ச நேரம் கழித்து அது அடங்கி, தலைக்கு மேல் நின்றது துடித்தது. பிறகு அதுவும் அடங்கி, கடலுக்கு மேல் நின்றது துடித்தது. ஏதோ ஒன்று மேற்கிலிருந்து கிழக்கே நிதானமாக நகர்ந்து போகிறது. விளக்குக் கம்பம் நடக்காது. கிரேன் புழலிலிருந்து கிளம்பி நம் தலைக்கு மேல் கடலுக்குப் போகாது. குமிழ்கள் அப்படித்தான் போகும்.

படங்களை எடுத்துக்கொண்டு பெரம்பூருக்குப் போனேன். சார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். தன் கணக்கில் எங்கே பிசகியது என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"டில்லி எங்கம்மா இருக்கான்?"

"காட்டுப்பள்ளி சார். ஃபோன் நம்பர் விசாரிச்சுத் தரேன்."

"இது ஃபோன்ல சொல்ற விஷயம் இல்லம்மா."

டில்லிக்கு வேலை ஓயும் நாள் எது? மறுபடியும் ஆயுத பூஜைதான். காரில் சார் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். எண்ணூர் தாண்டியதும், என்னிடம் இல்லை, ஜன்னலிடம் சொல்கிற மாதிரி, "அடுத்த பூஜை வரைக்கும் பொறுத்திருக்கலாம். ஒரு வருஷம்தானே" என்றார்.

டில்லி கிரேனின் காலில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது, ஆள் பெருத்திருந்தான். எங்களைப் பார்த்ததும் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு ஓடி வந்தான். "இன்னாக்கா, சார வேற இட்டாந்துகிற! சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே." நாற்காலி கொண்டுவரச் சொன்னான். சார் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

"நீ சொன்னது சரி டில்லி. அது யார்டு இல்ல. குமிழ்தான். என் கணக்குதான் தப்பு."

டில்லி தலையைத் திருப்பிக் கிரேனைப் பார்த்தான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்க வேண்டாம்.

"நீங்க நம்பலன்னு நான் வருத்தப்பட்டதே இல்ல சார். உங்க பக்கம் நாயம் இருந்திச்சு. அன்னிக்கு அந்தக் கோட்டப் பாத்து நானே நம்பிட்டேன் பாருங்க, அதான் பேஜாரு. இத்தினி வருசமா தெனிக்கும் சாய்ந்தரம் இந்த லைட்டப் போடறப்பல்லாம் மனசுல திட்டுவேன், உன்னாலதாண்டா என் படிப்பு போச்சுன்னு. பாவம் சார், லைட்டு."

சார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை. சந்தனம் அவர் கையிலும் ஒட்டிக்கொண்டது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்த யார்டிலும் அன்று விளக்கு போடவில்லை. டில்லி எனக்குப் பொரி கொடுத்துவிட்டு மெல்லக் கேட்டான். "மிஷினு இன்னிக்கு ஓடுதாக்கா?"

ஓடியது. இப்போது அந்தக் கோடுகளை ஃபோனிலேயே பார்க்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. எடுத்து, எந்தக் கோடு எந்தப் பக்கத்துச் செயற்கைக்கோள் என்று காட்டினேன். கிரேனின் அடியில், இருட்டில், மூன்று பேரும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றோம். எல்லாக் கோடுகளும் நேராக இருந்தன. அன்றைக்குப் போலவே ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

மேற்குப் பக்கத்துக் கோடு துடித்தது.

"புழல் பக்கம்" என்றான் டில்லி, நான் சொல்வதற்கு முன்பே. ரொம்ப நேரம் யாரும் அசையவில்லை. பிறகு தலைக்கு மேல். பிறகு கடல். சுற்றிலும் ஒரு விளக்கு இல்லை, ஒரு இயந்திரம் ஓடவில்லை. அவன் வாழ்க்கையை நிலைநிறுத்தியிருக்க வேண்டிய கோடு, அவனுக்கு ஒன்றுக்கும் ஆகாத ஒரு நாளில், சாவகாசமாக வந்து துடித்துவிட்டுப் போனது.

டில்லி ஃபோனை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கேட்டான்.

"அன்னிக்கு வர்றதுக்கு இன்னா கேடு இதுக்கு?"

சாரும் இப்போது போய்ச் சேர்ந்துவிட்டார், அதற்குப் பதில் கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. எல்லாம் சரியாக இருந்தும் ஒரு சாயங்காலம் ஏன் குமிழ் கிளம்புகிறது, அடுத்த சாயங்காலம் ஏன் கிளம்புவதில்லை என்பதற்கு, நம் வேலையில் இன்னும் ஒருத்தரிடமும் முழுப் பதில் இல்லை. நீங்கள் கண்டுபிடித்தால் முதலில் காட்டுப்பள்ளிக்குப் போய் டில்லியிடம் சொல்லுங்கள்.